வண்டி வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, பணியாளர் நிலுவையை முதலில் தீர்ப்பதா?

மதுரை மாவட்டத்தில் மாநகராட்சியைத் தவிர மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி ஆகிய மூன்று நகராட்சிகள் உள்ளன. இவற்றில் எந்த ஒன்றையும் சுட்டாமல், இவற்றின் அளவுள்ள ஒரு நகர்மன்றத்தின் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய பொருள்நிரலில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, கழிவுநீர் உறிஞ்சும் லாரியும் அடைப்பெடுக்கும் இயந்திரமும் வாங்குவதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர அனுமதி கேட்பது. மற்றொன்று, ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளர்களின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) நிலுவையையும், ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கட்டப்படாமல் விடப்பட்ட வருங்கால வைப்பு நிதியையும் பற்றியது. நகராட்சிக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, முதல் பொருள் சில நிமிடங்களில் நிறைவேறுவதும் இரண்டாவது பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுவதும்தான். வண்டியைக் கொடியசைத்து அனுப்பிவைக்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். நிலுவையைக் கொடுப்பதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இரண்டுக்குமான செலவு கடைசியில் ஒரே பொது நிதியில்தான் வந்து விழுகிறது. அதனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எந்தத் தீர்மானத்தையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரம் தேவையா என்ற கேள்வியை நெடுநேரம் பேச வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் சுத்தம் செய்ய உரிய கருவிகளைப் பயன்படுத்துவதை உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வைத்திருக்கிறது. இப்பணியில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை, 2014இல் வகுத்த 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. நிரந்தர ஊனம் நேர்ந்தால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. மதுரைக்காரர்களுக்கு இது தொலைவில் நடக்கும் செய்தி அன்று. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் பக்கம் நேரு நகர்க் கழிவுநீர் உந்து நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உயிரிழந்தார்கள். மூவரும் ஒப்பந்த முறையில் வேலை செய்தவர்கள். அந்தச் சாவுக்குப் பிறகு, இயந்திரத்தையும் பணியாளர் உரிமையையும் இரண்டு தனித்தனிக் கோப்புகளாக வைத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளின் வாகனங்களும் அதில் அடங்கும். 2008க்கு முன் வாங்கிய குப்பை லாரியைப் பெயின்ட் அடித்து ஓட்டிக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது. ஆகவே மன்றத்தின் முன்னுள்ள கேள்வி, இயந்திரம் எந்த வழியில் வரவேண்டும் என்பதே. நகராட்சியே சொந்தமாக வாங்கலாம்; நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ எடுக்கலாம்; பக்கத்து உள்ளாட்சியோடு பகிர்ந்துகொள்ளலாம்; அல்லது ஆளும் வண்டியும் சேர்ந்த முழுப் பணியையும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

சொந்தமாக வாங்குவதில் உள்ள பெரிய ஈர்ப்பு, பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதி ஆணைய மானியத்தில், பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு வந்த தொகையில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று இருந்தாலும், ஊதியத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த ஒரு நிபந்தனையை மன்ற உறுப்பினர்கள் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். மானியப் பணத்தில் வண்டி வாங்கலாம். அந்த வண்டியை ஓட்டுபவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, அவருடைய வைப்பு நிதியைக் கட்ட முடியாது. அவை சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, மாநில நிதி ஆணையப் பகிர்வு ஆகியவை சேரும் பொது நிதியிலிருந்துதான் வரவேண்டும். இலவசமாக வந்ததாகத் தோன்றும் ஒவ்வொரு வண்டியும், பணிக்கொடை கொடுக்க வேண்டிய அதே பணப்பெட்டியிலிருந்து மாதந்தோறும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும்.

நான் பணிபுரிந்த ஓர் ஊரில், மானியத்தில் வாங்கிய லாரி ஒன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, ஷெட்டுக்குள் சென்றது. கூடுதல் ஓட்டுநர் பணியிடத்துக்கு அனுமதி வராததால் பல மாதங்கள் அது வெளியே வரவில்லை. பேட்டரி இறங்கி, டயர் வெடிப்பு விட்டு, உத்தரவாதக் காலமும் பாதிக்கு மேல் ஷெட்டிலேயே கழிந்தது. அப்போது கணக்குப் பிரிவில் இருந்த நானும் அந்தக் கொள்முதல் பட்டியலில் கையெழுத்திட்டவன்தான். ஓட்டுநர் யார் என்ற கேள்வியை எந்தக் குறிப்பிலும் நான் எழுப்பவில்லை. அன்றிலிருந்து, வண்டி வாங்கும் கோப்பில் நான் முதலில் தேடுவது விலைப் பட்டியலை அல்ல. ஓட்டுநரும் உதவியாளரும் எந்தக் கணக்குத் தலைப்பில் ஊதியம் பெறப்போகிறார்கள் என்ற வரியைத்தான்.

வாங்குவதா வாடகையா என்பதை உணர்ச்சியால் தீர்க்காமல் நாள் கணக்கால் தீர்க்க முடியும். விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நகராட்சியும் தன் ஒப்பந்தப்புள்ளியில் வரும் எண்களை இந்த இடத்தில் பொருத்திக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் விலை 40 லட்சம், அது 10 ஆண்டுகள் உழைக்கும் என்றால் ஆண்டுக்குத் தேய்மானம் 4 லட்சம். பராமரிப்பு, காப்பீடு, டயர் எல்லாம் சேர்த்து இன்னொரு 4 லட்சம். ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் வைப்பு நிதி உட்பட 5 லட்சம். ஆக ஆண்டுக்கு 13 லட்சம். அதே இயந்திரம் ஆளோடு சேர்ந்து நாளொன்றுக்கு 8,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்கிறது, டீசல் இரண்டு வழியிலும் நகராட்சியின் பொறுப்பு என்றால், ஆண்டில் ஏறத்தாழ 162 நாள்களுக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்தமாக வாங்குவது ஆதாயம். இயந்திரத்தின் விலையை மானியம் ஏற்றுக்கொள்கிறது என்றால் பொது நிதியின் மேல் விழுவது 9 லட்சம். அப்போது 113 நாள் வேலை இருந்தாலே போதும்.

இந்த எல்லையை எந்தப் பக்கம் கடக்கிறோம் என்பதை ஊரின் தன்மைதான் சொல்லும். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கும் ஊரில் உறிஞ்சு லாரிக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கும். மக்கள் செலுத்தும் கட்டணமும் ஓரளவு திரும்பி வரும். பாதாளச் சாக்கடை பரவலாக இல்லாத ஊரில், அதிக அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் இயந்திரத்துக்கு அத்தனை வேலை இராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில வாரங்கள் இரவு பகலாக ஓடிவிட்டு மற்ற மாதங்களில் நின்றுகொண்டிருக்கும். முதலாவதை வாங்குவதும், இரண்டாவதைத் தேவைக்கு வாடகைக்கு எடுப்பதும் முரண்பாடாகாது. இரண்டையும் ஒரே மதிப்பீட்டில் சேர்த்து, ஒரே ஒப்பந்தப்புள்ளியாக விடுவதுதான் தவறு. வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவை நாள்தோறும் ஓடுபவை, குறுகிய தெருக்களுக்கு ஏற்றவை, அவற்றை வாங்கிவிடலாம். மாற்று பேட்டரியின் விலையை மட்டும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பகிர்ந்துகொள்ளும் வழியை நம் பகுதியில் போதிய அளவு யோசித்துப் பார்த்ததாகவே எனக்குத் தெரியவில்லை. ஒரு நகராட்சியும் அதைச் சுற்றியுள்ள சில பேரூராட்சிகளும் சேர்ந்து ஓர் அடைப்பெடுப்பு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் நாள்களுக்கேற்பச் செலவைப் பிரித்துக்கொண்டால், யாருக்கும் 113 நாள் வேலை இல்லாத ஒன்று எல்லோருக்குமாகச் சேர்த்து 200 நாள் ஓடும். இதில் தொல்லைகளும் இருக்கின்றன. மழை ஒரே நாளில்தான் எல்லா ஊரிலும் பெய்கிறது. அன்று யாருக்கு முதலில் என்ற தகராறு வரும். பழுது யார் தலையில் என்பதும் எழும். எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தமும், யாருடைய பெயரில் பதிவு, யார் காப்பீடு கட்டுவது, ஓட்டுநர் யாருடைய பணியாளர் என்ற தெளிவும் இல்லாமல் இதில் இறங்கினால், நட்பு ஊர்கள் பகை ஊர்களாகிவிடும்.

நாலாவது வழியான முழு ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இது மன்றத்துக்கு மிக எளிதாகத் தோன்றும். வண்டி வாங்கும் வேலை இல்லை, ஓட்டுநர் பணியிடத்துக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, பணிக்கொடை என்ற பேச்சே எதிர்காலத்தில் எழாது என்று சொல்லப்படும். கடைசியாகச் சொன்னது உண்மையல்ல. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர்தான், அதாவது இங்கே நகராட்சிதான், கொடுத்தாக வேண்டியிருந்தது. அது போன்ற பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் இந்தப் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வருங்கால வைப்பு நிதித் திட்டமோ இன்னும் தெளிவாக, ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவருக்கான இரு பங்குகளையும் செலுத்தும் பொறுப்பை முதன்மை வேலையளிப்பவர் மேலேயே வைத்திருக்கிறது. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2011 ஜனவரி முதலே வைப்பு நிதிச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டன. ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருப்பார். நகராட்சியோ எங்கும் போகாது. வைப்பு நிதி அலுவலகத்தின் அறிவிப்பு எந்த முகவரிக்கு வரும் என்பதை யோசித்தால் இது விளங்கும்.

அந்த வைப்பு நிதி நிலுவையின் அளவு எவ்வளவு இருக்கக்கூடும்? மறுபடியும் விளக்கக் கணக்குத்தான். மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவருக்கு அவருடைய பங்கு 12 சதவீதம், வேலையளிப்பவரின் பங்கு 12 சதவீதம் எனச் சேர்த்து மாதம் 3,600 ரூபாய். நாற்பது பேருக்கு 36 மாதங்கள் கட்டாமல் விட்டால் 51.84 லட்சம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதற்கு மேல் தண்டத் தொகையாக, 2024 ஜூனில் மாற்றியமைத்த விகிதப்படி, மாதத்துக்கு 1 சதவீதம். சராசரியாக ஒன்றரை ஆண்டுத் தாமதம் என்று கொண்டு இன்றைய விகிதத்தில் கணக்கிட்டால், வட்டி ஏறக்குறைய 9.33 லட்சம், தண்டம் இன்னொரு 9.33 லட்சம், மொத்தம் 70 லட்சத்தைத் தாண்டுகிறது. மேலே கணக்கிட்ட இயந்திரத்தின் விலையைவிட இது மிகவும் கூடுதல். அதுவும் மானியத்திலிருந்து கொடுக்க முடியாத பணம். ஒப்பந்தம் மலிவு என்று சொல்லும் கோப்புகளில் இந்தத் தொகை எங்கும் எழுதப்படுவதில்லை.

பணக் கணக்குக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. இரண்டு மண்டலங்களின் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததுதான் அதற்குக் காரணம். பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே தெருவைப் பெருக்கியவரை ஒரே நாளில் வேறொரு நிறுவனத்தின் புதிய ஆளாக மாற்றும்போது, அவருடைய பழைய பணிக்காலம் எங்கே போயிற்று என்று அவர் கேட்கத்தான் செய்வார். அது நியாயமான கேள்வி.

ஒரு மன்றம் எல்லாவற்றையும் மீறி ஒப்பந்த வழியையே தேர்ந்தெடுத்தால், குறைந்தது ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கக் கூடாது. முந்தைய மாதத்துக்கான வைப்பு நிதிச் சலானும், எந்தெந்தப் பணியாளர் கணக்கில் எவ்வளவு சேர்ந்தது என்ற பெயர்ப்பட்டியலும், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் தொகை செலுத்திய சான்றும் இணைக்கப்படாத ஒப்பந்ததாரர் பில்லுக்குப் பணம் விடுவிக்கக் கூடாது. சலான் மட்டும் போதாது. மொத்தத் தொகை சரியாக இருந்து, உண்மையில் வேலை செய்பவர்களின் பெயர்களுக்குப் பதில் வேறு பெயர்கள் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். துப்புரவு ஆய்வாளரின் வருகைப் பதிவேட்டோடு பெயர் பெயராக ஒப்பிட்டால்தான் அது தெரியவரும். இ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் மதுரை தத்தநேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கு, நகராட்சி ஒப்பந்ததாரருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டது என்ற செய்தியால் எந்தப் பயனும் இல்லை.

இனி இரண்டாவது பொருள். நிலுவையைப் பொறுத்தவரை மன்றத்தின் முன்னே மூன்று வழிகள் வைக்கப்படுவது வழக்கம்: உடனே கொடுத்துவிடுவது, தவணையில் கொடுக்க உடன்பாடு காண்பது, வழக்காடுவது. இவற்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்பதே பிழை. எல்லா நிலுவையும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. பணியாளரின் ஊதியத்தில் பிடித்தம் செய்து, வைப்பு நிதிக்கோ, ஆயுள் காப்பீட்டுக்கோ, பணியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ கட்டாமல் வைத்திருக்கும் தொகை நகராட்சியின் பணமே அல்ல. வைப்பு நிதிப் பிடித்தத்தைக் கட்டாமல் வைத்திருப்பதை நம்பிக்கை மோசடியாகவே குற்றவியல் சட்டம் கருதுகிறது. சங்கத் தவணை கட்டப்படாததால் வட்டி ஏறி, கடன் கேட்டுப் போன இடத்தில் தவறியவர் என்று பெயரெடுக்கும் பணியாளர் எந்தத் தவறும் செய்யாதவர். இந்தத் தொகைக்குத் தவணை கேட்பதற்கும் நமக்கு முகம் இல்லை. முதல் மாத வசூலிலேயே அது போயாக வேண்டும்.

அடுத்தது பணிக்கொடை. ஓய்வு பெறும்போது வாங்கிய ஊதியத்தில் 15 நாள் தொகையை, மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 20,000 ரூபாய் பெற்று 25 ஆண்டுகள் உழைத்தவருக்கு 2,88,461 ரூபாய் வருகிறது. உரியதான நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி. இந்த எடுத்துக்காட்டில் ஓராண்டுத் தாமதத்தின் விலை 28,846 ரூபாய். நகராட்சிக்கு 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை இன்னும் சில கோப்புகளில் காண்கிறேன். கான்பூர் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், 1982ஆம் ஆண்டு அறிவிக்கையைச் சுட்டிக்காட்டி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு அச்சட்டம் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அதே வாதத்தை வைத்து வழக்கறிஞர் கட்டணம் கொடுப்பது வீண்.

வழக்கு போட்டால் பணம் கொடுப்பதையாவது தள்ளிப்போடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பணிக்கொடை உத்தரவை எதிர்த்து வேலையளிப்பவர் மேல்முறையீடு செய்ய, உத்தரவிட்ட முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும் என்பதே பணிக்கொடைச் சட்டம் வகுத்த விதி. வைப்பு நிதித் தீர்ப்பாயத்திலும், தீர்ப்பாயம் குறைத்தால் ஒழிய, 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மனு ஏற்கப்படும் என்று 1952ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் வகுத்தது. ஆக, கையிலிருந்து பணமும் போகிறது, வட்டியும் நிற்பதில்லை, ஓய்வுபெற்றவர் கைக்கும் எதுவும் சேர்வதில்லை. 2004 ஜூலையில் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டபோது தென்மாவட்ட மக்களுக்கு நீதி அருகில் வந்தது என்று மகிழ்ந்தோம். அந்த அருகாமை, தன் சொந்தப் பணியாளரை வழக்குக்கு இழுக்க நகராட்சிக்குக் கிடைத்த வசதியாக ஆகிவிடக் கூடாது.

வழக்காடத் தக்கவையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒருவர் உண்மையில் எத்தனை ஆண்டு தொடர்ந்து பணியாற்றினார், தினக்கூலியாக இருந்த காலம் சேருமா சேராதா, இடையில் இருந்த நீண்ட வராமையை எப்படிக் கொள்வது என்பவற்றில் நேர்மையான கருத்து வேறுபாடு எழலாம். அங்கும், மறுக்க முடியாத பகுதியை உடனே கொடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் பேச வேண்டும். பழைய வருகைப் பதிவேடுகள் கரையான் தின்று போயிருந்தால், அதன் பலனைப் பணியாளருக்கே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பதிவேட்டைப் பாதுகாக்கும் கடமை அவருடையது அல்ல, அலுவலகத்துடையது. தவணை உடன்பாடு என்பதும் கருத்து வேறுபாடு உள்ள இந்த மூன்றாம் வகைக்கும், பழைய ஒப்பந்ததாரர் விட்டுச்சென்ற பெரிய வைப்பு நிதிச் சுமைக்குமே பொருந்தும். அந்த வைப்பு நிதிச் சுமைக்கு உடன்பாடு காணும்போதே, வைப்பு நிதிச் சட்டத்தின் 8ஏ பிரிவின் கீழ் அந்த ஒப்பந்ததாரரின் பிணைத்தொகையிலிருந்தும் அவருக்குக் கொடுக்க நிலுவையில் உள்ள பில் தொகையிலிருந்தும் திரும்பப் பிடிக்கும் ஆணையையும் போட வேண்டும். பிணைத்தொகையை முன்பே விடுவித்திருந்தால், யார் கையெழுத்தில் அது விடுவிக்கப்பட்டது என்று மன்றம் கேட்க வேண்டும்.

இப்படிப் பிரித்துப் பார்த்த பின், இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்பது புலப்படும். பொது நிதியில் நிலுவைக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு எஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தால்தான், எத்தனை வண்டிகளை ஓட்டும் செலவு நம்மால் தாங்க முடியும் என்று தெரியும். மானியம் ஐந்து வண்டிக்கு வந்திருக்கலாம். பொது நிதி மூன்று வண்டிக்கான ஆளையும் டீசலையும் மட்டுமே தாங்கலாம். அப்போது மூன்றை வாங்கி, மீதி மானியத்தைப் பாதுகாப்புக் கவசம், வாயு அளவிடும் கருவி, கழிவுநீர் சுத்திகரிப்பு போன்ற வேறு சுகாதாரப் பணிக்குத் திருப்ப அனுமதி கேட்பதே சரி. மானியம் காலாவதியாகிவிடும் என்ற அவசரத்தில் ஐந்தையும் வாங்கிவிட்டு, இரண்டை ஷெட்டில் நிறுத்துவதும், அதற்காகவே மறுபடி ஒப்பந்த ஆட்களைச் சேர்த்து இன்னொரு வைப்பு நிதி நிலுவையைத் தொடங்கிவைப்பதும் நம் ஊர்களில் நடக்கக் கூடியவை.

கொள்முதல் முறையைப் பற்றியும் சிறிது. 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் இதற்குப் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். குறைந்த விலைப்புள்ளியைத்தான் ஏற்க வேண்டும் என்பதால் தரமில்லாத வண்டி வந்துவிட்டது என்று பின்னால் சொல்வதில் பொருளில்லை. எதை வைத்து விலையை ஒப்பிடுவது என்பதை ஆவணத்திலேயே முன்கூட்டி எழுதிவிட்டால், ஐந்தாண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் குறைந்த விலையைத் தீர்மானிக்க முடியும். மதுரையிலேயே பழுதுபார்க்கும் நிலையம் இருக்க வேண்டும், உதிரிபாகம் இத்தனை நாளுக்குள் வர வேண்டும், ஓட்டுநருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பவையும் அங்கேயே இடம்பெற வேண்டும். சென்னைக்கு ஆளனுப்பி ஒரு பம்பைப் பழுதுபார்த்து வாங்க மூன்று வாரம் ஆனால், அந்த மூன்று வாரமும் யாரோ ஒருவரைக் குழிக்குள் இறங்கச் சொல்லும் அழுத்தம் கீழே இருக்கும் துப்புரவு ஆய்வாளர் மேல் விழும்.

மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டு. லாரி 15 ஆண்டுகள் வரை ஓடும். ஒரு தூய்மைப் பணியாளர் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுகிறார். ஐந்தாண்டுக் கண்ணோட்டத்தில் முழு ஒப்பந்தம் மலிவாகத் தெரிவது அதனால்தான். நிலுவை அறிவிப்பு பெரும்பாலும் அடுத்த மன்றத்தின் மேசைக்கே வந்து சேர்கிறது. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், நாள்தோறும் ஓடும் வண்டிகளை மானியத்தில் சொந்தமாக வாங்குவதும், எப்போதாவது தேவைப்படும் இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்வதும் அல்லது வாடகைக்கு எடுப்பதும், அவற்றை இயக்க நகராட்சியின் சொந்தப் பணியாளர்களையே வைத்துக்கொள்வதும்தான் நான் பரிந்துரைக்கும் வழி. ஊதியச் செலவுக்கு அரசு வகுத்த வரம்பு தடுக்கிறது, பணியிடத்துக்கு அனுமதி வராது என்ற எதிர்வாதம் வலுவானதே. அந்த அனுமதி வரும் வரை வாடகை வழியில் ஓராண்டு நடத்துவது, வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு ஆளைத் தேடுவதைவிட நல்லது.

ஆகவே, பொருள்நிரலில் இரண்டின் வரிசையை மாற்றி வைக்கும்படி நகர்மன்றத் தலைவரைக் கேட்டுக்கொள்ள எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. நிலுவைப் பொருள் முதலில் வரட்டும். பிடித்தம் செய்து கட்டாத தொகை எவ்வளவு, ஓய்வுபெற்றோருக்குத் தர வேண்டியது எவ்வளவு, இன்றுவரை ஏறிய வட்டி எவ்வளவு, வழக்கில் உள்ளது எவ்வளவு என்ற நான்கு எண்களையும் ஆணையாளர் எழுத்தில் தரட்டும். அந்தத் தாள் மேசைக்கு வந்த பிறகு வண்டி வாங்கும் கோப்பைத் திறக்கட்டும். அது அன்று வரவில்லை என்றால், ஒத்திவைக்கப்பட வேண்டியது வண்டிப் பொருள்.